பேய்க்கும் ஒரு விலாசம் வேண்டும்

வாசகர் கேள்விகள் – மும்பைப் பக்கம்

இந்த முறை பதில் சொல்பவர் செம்பூரில் வசிக்கும் பெண்மணி. ஃபோர்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் க்ளெய்ம் பிரிவில் பல வருடம் இருந்தவர். நாற்பதைத் தாண்டியபின் வேலையை விட்டுத் திரைக்கதை எழுத வந்தார். இப்போது சொந்தமாகத் திகில் படங்களும் எடுக்கிறார்.

*

கேள்வி: வயது 34. ஐரோலியில் ஐ.டி. கம்பெனி வேலை. மனைவி, நான்கு வயதில் பெண் குழந்தை, வீட்டு லோன் பாக்கி. கைவசம் மூன்று பேய்க் கதைகள் இருக்கின்றன. வருகிற மார்ச்சில் வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானா? – பெயர் வேண்டாம், சயான் கோலிவாடா

தம்பி, கைவசம் என்றால் எங்கே? பேப்பரிலா, மனசிலா? இரண்டு பக்கம் கடிதம் எழுதிய நீங்கள் அதை மட்டும் சொல்லவில்லை. அதனால் மனசில்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

முழுதாக எழுதி முடித்த ஒரு ஸ்கிரிப்ட் இல்லாமல் ராஜினாமா கடிதத்தைத் தொடாதீர்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக் கணக்கு. தொண்ணூறு, நூறு பக்கம் எழுதினால் ஒரு படம். இதற்கு வேலையை விட வேண்டியதில்லை. வேலையை விட்டால் நேரம் கிடைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கிடைப்பது பகல் தூக்கமும், “மாப்பிள்ளை வீட்டில்தானே இருக்கிறார்” என்று வருகிற வேலைகளும்தான். என் முதல் ஸ்கிரிப்ட் ஹார்பர் லைன் ரயிலில் எழுதியது. சாயங்காலம் சி.எஸ்.டி.யில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், செம்பூர் வருவதற்குள் ஒரு சீன் முடியும். குர்லா வந்துவிட்டால் பேனாவை மூடிவிட வேண்டும். அங்கே ஏறுகிற கூட்டத்தில் நோட்டு கசங்கிவிடும்.

அடுத்து, பழைய தொழில் புத்தியோடு சில விஷயம் சொல்கிறேன். சினிமாக்காரர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் குடும்பத்துக்குக் கம்பெனி போட்டிருக்கும் குரூப் மெடிக்கல் பாலிசி, வேலையை விட்டதும் போய்விடும். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. நோட்டீஸ் காலம் ஓடும்போதே எழுதிக் கேளுங்கள். மாற்றினால் இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். விட்டுவிட்டுப் பிறகு புதிதாகப் போட்டால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றுக்கும் 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனியில் ஐந்து வருடம் முடிய இன்னும் சில மாதம்தான் என்றால் அதையும் முடித்துவிட்டு வாருங்கள். கிராஜுவிட்டி என்பது கடைசிச் சம்பளக் கணக்கில் 15 நாளுக்கானது, வருடத்துக்கு ஒன்று வீதம். உங்கள் முதல் குறும்படத்துக்கு அது போதும்.

வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காண்டிராக்டையும் எடுத்துப் படியுங்கள். பணியில் இருக்கும்போது உருவாக்கியதெல்லாம் கம்பெனிக்கே என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் பேய்க் கதை எழுதாதீர்கள்.

மார்ச்சா, அடுத்த மார்ச்சா என்பதை ஸ்கிரிப்ட் முடிந்ததும் முடிவு செய்யலாம். அதுவரை வீட்டில் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

*

கேள்வி: இன்சூரன்ஸுக்கும் பேய்ப் படத்துக்கும் என்னங்க சம்பந்தம்? – வாசகி, மாட்டுங்கா

நிறைய. க்ளெய்ம் மேஜைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கதையோடுதான் வருவார்கள். தீ, திருட்டு, தண்ணீர் புகுந்தது. நான் கேட்பது நான்கே கேள்வி. எங்கே, எப்போது, யார் பார்த்தது, என்ன நஷ்டம். பொய் சொல்கிறவர் எல்லாவற்றுக்கும் தயாராக வருவார். எரிந்த சாமானை வரிசையாகப் பட்டியல் போட்டு, விலையோடு கொடுப்பார். நிஜமாகவே எரிந்தவருக்குப் பாதி ஞாபகம் வராது. சம்பந்தமில்லாத ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு அதையே சொல்வார்.

வசாய் பக்கம் ஒரு சின்னப் பட்டறை எரிந்துபோனது. அதை நடத்திய அம்மா மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலடுக்கு டிபன் கேரியர் ஒன்று கருகிக் கிடந்தது, அதில் மூன்றாவது அடுக்கைக் காணோம் என்பதையே மறுபடி மறுபடி சொன்னார். மேலடுக்கும் கீழடுக்கும் கம்பியோடு சேர்ந்தே இருக்கின்றன, நடுவில் இருப்பது எப்படிக் காணாமல் போகும்? நானும் போய்ப் பார்த்தேன். கம்பி, கொக்கி எல்லாம் சரியாக மாட்டியிருந்தது. இடையில் ஒரு அடுக்கு அளவுக்குக் காலி. க்ளெய்ம் பாஸ் ஆகிவிட்டது, அது வேறு. என் முதல் படத்தில் பேய் வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே ஜனங்கள் சீட்டில் நெளிய ஆரம்பிப்பது அந்த டிபன் கேரியரைப் பார்த்துத்தான்.

இப்போதும் எழுதும்போது பேயிடம் அதே நான்கு கேள்வியைத்தான் கேட்கிறேன். பேய்க்கும் ஒரு விலாசம் வேண்டும். ‘ஒரு பாழடைந்த பங்களா’ என்றால் அது யாருடைய பேயும் இல்லை. அன்டாப் ஹில்லில் மூன்றாவது மாடி, பகடி ரூம் (முன்பணம் கொடுத்துத் தலைமுறையாகப் பழைய வாடகையில் இருப்பது), வாடகை இன்னும் தாத்தா பேரில் என்றால் எனக்குப் பயம் வருகிறது. பில்டிங் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது, எல்லோரும் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒரு ரூம் மட்டும் பாக்கி. அங்கே யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் ஆவிக்குக்கூட இடப் பிரச்சினைதான் முதல் பிரச்சினை. இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள்.

*

கேள்வி: ஒரு திகில் படம் எடுக்கக் குறைந்தது எவ்வளவு பணம் வேண்டும்? முகேஷ் மில்லில் எடுத்தால் எஃபெக்ட் நன்றாக இருக்குமே? – கல்லூரி மாணவர், முலுண்ட்

தொகை சொல்ல மாட்டேன். சொன்னால் அதையே பட்ஜெட் என்று எழுதிவிடுவீர்கள்.

முகேஷ் மில் கொலாபாவில் இருக்கும் பழைய துணி மில், 1982-ல் தீப்பிடித்து மூடியது. அப்புறம் எத்தனையோ படம், பாட்டு, விளம்பரம் எல்லாம் அங்கே எடுத்துவிட்டார்கள். அந்தச் சுவரை ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த சுவரைக் காட்டிப் பயமுறுத்த வாடகை வேறு கொடுக்க வேண்டுமா? மட் ஐலண்ட் பங்களாக்களும் அப்படித்தான்.

ஓரன் பெலி என்பவர் கம்ப்யூட்டர் புரோகிராமர். சினிமா படிப்புக் கிடையாது. சான் டியாகோவில் தன் சொந்த வீட்டிலேயே, ஏழு நாளில், சுமார் 15,000 டாலரில் ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ என்கிற பேய்ப் படத்தை எடுத்தார். 2007-ல் விழாக்களில் காட்டி, 2009-ல் பெரிதாக ரிலீஸ் ஆனது. எல்லோரும் அந்த டாலர் கணக்கைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் வீடு. தன் வீட்டு மாடிப்படியில் எந்தப் படி கிரீச்சிடும் என்று அவருக்குத் தெரியும்.

நம் பம்பாயிலேயே ராம்சே சகோதரர்கள் இருந்தார்கள். அப்பா ரேடியோ கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் ஏழு பேர். ஒருவர் எழுத, இருவர் டைரக்‌ஷன், இன்னும் சிலர் கேமரா, சவுண்டு, எடிட்டிங் என்று பிரித்துக்கொண்டு 1972-ல் ‘தோ கஜ் ஜமீன் கே நீச்சே’ என்கிற பேய்ப் படம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் இவர்கள் எடுத்த ஒரு படம் ஓடவில்லை. ஆனால் அதில் முகமூடி போட்டுக்கொண்டு திருடுகிற ஒரு காட்சிக்கு மட்டும் ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அதைக் கவனித்த குடும்பம் அந்தப் பயத்தையே தொழிலாக்கிக்கொண்டது. படம் படுத்த வருத்தத்திலும் தியேட்டரில் எந்த இடத்தில் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள் என்று பார்த்தார்களே, அதற்குப் பணம் செலவில்லை.

ஆகவே உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாட்டி வீடு, மாமாவின் மூடிக்கிடக்கும் கடை, டோம்பிவிலியில் காலியாக இருக்கும் ஒரு ஃபிளாட். கதையை அதற்கு எழுதுங்கள். இரண்டு மூன்று நடிகர்கள், ஒரே இடம், ஒரே ராத்திரி. சொசைட்டி செக்ரட்டரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாயால் சொன்ன அனுமதி ராத்திரி பதினொரு மணிக்கு மாறிவிடும். ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு ஷாட் வேண்டும் என்றால் ரயில்வேயின் முறையான அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. போனில் திருட்டுத்தனமாக எடுத்துவிடலாம் என்று யோசிக்காதீர்கள். அந்த ஷாட்டை ஸ்கிரிப்டிலிருந்தே எடுத்துவிட்டு, ரயில் சத்தத்தை மட்டும் வையுங்கள்.

சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பணம் வாங்காமல் நடிக்க வருகிறவர்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்குச் சூடான இட்லி கொடுத்தால் விடியும்வரை நிற்பார்கள்.

அப்புறம், வாடகைக்கு எடுக்கும் கேமராவுக்குச் சேதம் என்றால் யார் பொறுப்பு என்று பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பெரும்பாலும் நீங்கள்தான். லென்ஸ் கீழே விழுந்தால் என் பழைய ஆபீஸ்காரர்கள்கூட உங்களைக் காப்பாற்ற முடியாது, பாலிசி இல்லாவிட்டால்.

*

கேள்வி: எங்கள் குறும்படத்தைப் பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். மேக்கப்பில் குறையா? – மூன்று நண்பர்கள், தாராவி

லிங்க் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். மேக்கப் நன்றாகத்தான் இருக்கிறது. குறை சவுண்டில். கேமரா மைக்கிலேயே பதிவு செய்திருக்கிறீர்கள். பேய் வருகிற நேரத்தில் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது. யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் மன்னிப்பார்கள், திகில் படத்தில் அதை ஸ்டைல் என்றுகூட நினைப்பார்கள். சத்தம் சரியில்லாவிட்டால் மன்னிக்கவே மாட்டார்கள். இருக்கிற பணத்தில் நல்ல கேமராவா, நல்ல சவுண்டு ரெக்கார்டிஸ்டா என்று வந்தால் ரெக்கார்டிஸ்டைக் கூப்பிடுங்கள். கேமராவுக்கு யாருடைய போனாவது போதும்.

மும்பையில் லைவ் சவுண்டு எடுக்க நல்ல நேரம், கடைசி லோக்கல் போனதற்கும் முதல் லோக்கல் வருவதற்கும் இடையில் இருக்கிற இரண்டு மூன்று மணி நேரம். ஃபிரிட்ஜை அணைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் உங்கள் கார் சாவியைப் போட்டு வையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடித் திறப்பீர்கள், மறுபடி ஆன் செய்ய ஞாபகம் வரும். இது எல்லா சவுண்டுக்காரர்களுக்கும் தெரிந்த வித்தை. கார் இல்லாவிட்டால் லோக்கல் பாஸ். மின்விசிறி ஓடக் கூடாது. சீன் முடிந்ததும் யாரும் அசையாமல், பேசாமல், அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். எடிட்டிங்கில் வசனத்துக்கு நடுவே ஓட்டை விழாமல் இருக்க அதுதான் அடியில் ஓடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரை வீட்டில் லைவ் சவுண்டை மறந்துவிடுங்கள். டப்பிங்தான்.

மற்ற சத்தமெல்லாம் சமையலறையில் இருக்கிறது. எலும்பு முறிய, முற்றின முருங்கைக்காய். மைக்குக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றி ஒடித்துப் பாருங்கள், நீங்களே கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள். தோல் உரிகிற சத்தத்துக்குப் பழைய சாத்துக்குடி. யாரோ தரையில் தவழ்ந்து வருகிற சத்தத்துக்கு ஈரமான கோணிப்பை. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சாம்பாரில் முருங்கைக்காய் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை, படத்துக்கு வாங்கினதா குழம்புக்கா என்றுதான் கேட்கிறார்.

முக்கியமான ஒன்று. உங்கள் படத்தில் பேய் வரும்போது மியூசிக் ஏறுகிறது. அதைக் குறையுங்கள். வருவதற்கு முன்னால் வெளியே ஓடிக்கொண்டிருந்த தெருச்சத்தத்தை, நாய், ரிக்‌ஷா, டி.வி. எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். தாராவியில் திடீரென்று ஒரு சத்தமும் இல்லை என்றால் அதைவிடப் பயம் வேறென்ன?

*

கேள்வி: ரத்தத்துக்கு என்ன பயன்படுத்துகிறீர்கள்? – வாசகர், தானே

சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், கறுப்பு தட்ட ரெண்டு சொட்டு காபி டிகாஷன். எறும்பு வரும். ஒருமுறை பிணமாகப் படுத்திருந்த நடிகையின் கையில் வரிசையாக ஏறிவிட்டது, அவரும் அசையாமல் படுத்திருந்தார், அந்த டேக்கைத்தான் வைத்தேன். கட்டிலின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

*

கேள்வி: கதையைச் சொன்னால் திருடிவிடுவார்களே? எப்படிப் பாதுகாப்பது? – வாசகி, வாஷி

ஐடியாவைப் பாதுகாக்க முடியாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1978-லேயே சொல்லிவிட்டது. கருவுக்குக் காப்பிரைட் இல்லை, அதை நீங்கள் எழுதியிருக்கிற விதத்துக்குத்தான். அதனால் வாயால் சொல்கிற கதைக்குக் காவல் கிடையாது, எழுதிய ஸ்கிரிப்டுக்கு உண்டு. எழுதிய உடனே உரிமை உங்களுடையதுதான். என்றைக்கு எழுதினீர்கள் என்று காட்டுவதற்கு ஒரு சான்று வேண்டும், அவ்வளவுதான்.

அந்தேரியில் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன் இருக்கிறது. உறுப்பினராகிவிட்டால் ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம். இன்னும் கனமாக வேண்டும் என்றால் டெல்லி காப்பிரைட் ஆபீஸ், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் பார்ப்பார்கள், அதன்பின்தான் பரிசீலனை. தயாரிப்பாளரிடம் கதை சொல்லிவிட்டு (நரேஷன் என்பார்கள்) வந்த அன்றே, “இன்று இந்தக் கதையைச் சொன்னேன், நேரம் கொடுத்ததற்கு நன்றி” என்று ஒரு மெயில் போடுங்கள். மரியாதையாகவும் இருக்கும், தேதியோடு சாட்சியாகவும் இருக்கும். க்ளெய்ம் ஃபைலில் இப்படி ஒரு மெயில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படத்தை முடித்தபின் தூங்கிவிடாதீர்கள். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, 1968. படத்தின் பெயரைக் கடைசியில் மாற்றினார்கள். விநியோகஸ்தர் புதிய டைட்டில் கார்டைப் போட்டபோது பழைய கார்டில் இருந்த காப்பிரைட் வரி விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் காப்பி போட்டு விற்றார்கள். இங்கே இப்போது சட்டம் அப்படி இல்லை. ஆனாலும் டைட்டில் கார்டை என் கண்ணால் பார்க்காமல் எந்தக் காப்பியும் வெளியே போவதில்லை.

*

கேள்வி: மும்பையில் இருந்துகொண்டு தமிழில் எழுதினால் யார் வாங்குவார்கள்? இந்திக்கு மாறலாமா? – வாசகர், டோம்பிவிலி

பிழைப்புக்கு இந்தி எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். இங்கே வசனத்தை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள், தேவநாகரி வராவிட்டாலும் ஓடும். பயப்படுவதற்கு மட்டும் நான் தமிழுக்கு வந்துவிடுவேன். பின்னிரவில் கதவு தட்டப்பட்டால் “யாரது?” என்றுதான் என் வாயில் வருகிறது, “கௌன்?” வருவதில்லை.

*

கேள்வி: பி.காம். முடித்த என் மகன் பேய்ப் படம் எடுக்கிறேன் என்கிறான். நாளைக்குப் பெண் கொடுப்பார்களா? – ஒரு தாய், சேடா நகர்

அம்மா, எனக்கு மாமியார் கேட்ட கேள்வி வேறு: “வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் அதையெல்லாம் எழுதணுமா?” சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை எழுத மாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன், இன்றும் அப்படித்தான். பையனிடம் டாலி கணக்கு சாஃப்ட்வேர், ஜி.எஸ்.டி. இரண்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த யூனிட்டிலும் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு வேலை உண்டு, சினிமாவையும் உள்ளே இருந்து பார்க்கலாம். பெண் கொடுப்பது பற்றி எனக்குத் தெரியாது.

*

கேள்வி: என் கதையில் ஆறு வயதுக் குழந்தைப் பேய், ஒரு கறுப்புப் பூனை. சென்சாரில் பிரச்சினை வருமா? – வாசகர், செம்பூர்

சென்சாருக்கு முன்னாலேயே வரும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். பூனைக்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி. படம் பிடிப்பதற்கு முன்னாலேயே வாங்க வேண்டும், எடுத்த பிறகு போய் நின்றால் நடக்காது. தியேட்டருக்குப் போகும் படத்துக்கு இந்தக் காகிதம் எல்லாம் கேட்பார்கள்.

சர்டிபிகேட் விஷயம்: 2024 முதல் யு/ஏ மூன்றாகப் பிரிந்துவிட்டது. 7+, 13+, 16+. திகில் படம் 16+ அல்லது ஏ-வில் போய் நிற்பது வழக்கம். ஏ வாங்கிய படத்தை அப்படியே டி.வி.யில் போட முடியாது, அதனால் விற்கும்போது விலை அடிபடும். எதைக் காட்டப்போகிறோம், எதைக் காட்டாமல் விடப்போகிறோம் என்பதை ஸ்கிரிப்டிலேயே முடிவு செய்துவிட்டால் பிறகு வெட்டுவதற்கு அழ வேண்டாம். பூனையை வெட்டிவிடுங்கள். குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளி லீவு நாளில்.

*

கேள்வி: என் ஸ்கிரிப்டை உங்களுக்கு அனுப்பலாமா? படித்துச் சொல்வீர்களா? – பதினோரு பேர்

அனுப்பாதீர்கள், திறக்க மாட்டேன். நாளைக்கு என் படத்தில் ஒரு கிணறு வந்தால் உங்கள் கதையிலும் கிணறு இருந்ததே என்பீர்கள், நியாயம்தான். உங்களைப் போல எழுதுகிறவர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டில் உட்கார்ந்து ஒருவருடையதை இன்னொருவர் வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவர் படிக்கக் கூடாது, குரலால் சமாளித்துவிடுவார். படிக்கிறவர் எந்த வரியில் தடுக்குகிறார், எந்தப் பக்கத்தில் போனை எடுக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டீக்கும் வடைக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம்.